சட்டை ஊறிய தண்ணீர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வகுப்பில் எதையாவது அடித்துச் சொல்லிவிட்டு, தெரிந்த மாதிரி உட்கார்ந்துவிடுகிற பிள்ளையைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் வரும். "எதை வச்சு சொல்றே?" என்று எழுப்பி நிறுத்துவேன். தமிழில் கேட்பேன், கன்னடத்தில் கேட்பேன், ஹெட்மிஸ்ட்ரஸின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் இங்கிலீஷில் கேட்பேன். பிள்ளைகள் எனக்கு 'எதை வச்சு மிஸ்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு என் காதுபடவே சொல்வார்கள். வெளியே முறைப்பேன். உள்ளுக்குள் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கேள்வியை நான் கேட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அப்பாவுக்கு என்னால் வேலை போனது. போன வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்காக நான் செய்தது இருக்கிறதே, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் லேத் மிஷின் சத்தம், மூடினால் வேர்வை. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் சுற்றியுள்ள ஷெட்களில் வேலை பார்ப்பவர்கள். திருப்பத்தூர், தர்மபுரி பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நான் லிங்கராஜபுரத்திலிருந்து வருகிறேன். ஒரு பஸ், பிறகு மெஜஸ்டிக்கில் மெட்ரோ. வந்து சேர்வதற்குள் கண்டக்டரிடமோ, வரிசையில் முந்துகிறவனிடமோ ஒரு சண்டை முடிந்திருக்கும். அந்தச் சூட்டோடுதான் முதல் பீரியடுக்குப் போவேன்.

ஒரு கோடை விடுமுறையில் அறிவியல் ஆசிரியர்களை எல்லாம் ஒரு ஹாலில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மதியம் புலாவ் சாப்பிட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. பேசியது ஒரு சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். பிள்ளைகள் சரியான பதில் சொன்னால் மட்டும் போதாது, ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஆதாரம் காட்டிப் பேசவேண்டும், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுக்கவேண்டும், மறுப்பதற்கும் ஆதாரம் வேண்டும் என்றாள். நான் இத்தனை வருடமாகத் திட்டித் திட்டிச் செய்துகொண்டிருந்ததற்கு ஒரு முறை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் இரண்டாவது டீ கூட குடிக்கவில்லை.

அந்த வருடம் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடை விவாதத்துக்கு என்று ஒதுக்கினேன். கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதிப்போடுவேன். நீ சொல்வது என்ன? அதற்கு ஆதாரம் என்ன? அந்த ஆதாரம் எப்படி அதைக் காட்டுகிறது? முதல் சில வாரம் ஒரே கூத்துதான். வாழைப்பழம் தின்றால் சளி பிடிக்கும் என்று ஒருத்தி எழுந்து சொன்னாள். ஆதாரம் கேட்டேன். "எங்க அம்மா சொன்னாங்க மிஸ்" என்றாள். அம்மா சொன்னது ஆதாரம் ஆகாது என்றேன். மறுநாள் காலை அந்த அம்மா கேட்டில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் பொய் சொல்றேன்னு எம்புள்ளகிட்ட சொன்னீங்களாமே? பத்து மாசம் சுமந்தது நானா நீங்களா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். ஸ்டாஃப் ரூமில் அதை நடித்துக் காட்டி ஒரு வாரம் சிரித்தோம். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

அந்த ஏழாம் வகுப்பில்தான் நான் சொன்ன அந்தப் பெண் இருந்தாள். மூன்றாவது பெஞ்சில் சுவரோரம். கையைத் தூக்கமாட்டாள். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, "மிஸ், இப்படியும் இருக்கலாமா?" என்று ஒன்று கேட்பாள். அந்த ஒன்றில் அதுவரை பேசியவர்கள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து யோசிக்கவேண்டி வரும். அவளுடைய அப்பா ஒரு பிளேட்டிங் ஷெட்டில் வேலை பார்த்தார். இரும்புச் சாமான்களைக் கொக்கியில் மாட்டி ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்து, பிறகு பளபளப்பு ஏற்றுகிற வேலை. அம்மா வீட்டில்தான். இவள் ஒரே பெண்.

அமிலம், காரம் பாடம் வந்தது. பள்ளியின் வேலியோரம் செம்பருத்திச் செடி இருக்கிறது. இதழ்களைப் பறித்துச் சுடுதண்ணீரில் போட்டு வைத்தால் இளஞ்சிவப்பாக ஒரு சாறு கிடைக்கும். அமிலத்தில் விட்டால் அது அடர்ந்த ரோஸ் நிறமாகும், காரத்தில் விட்டால் பச்சையாகும். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு திரவம் கொண்டுவாருங்கள், எதில் என்ன இருக்கிறது என்று சொல்லி ஆதாரத்தோடு பேசுங்கள் என்று சொல்லியிருந்தேன். புளித்தண்ணீர், எலுமிச்சை, சோப்புத் தண்ணீர், மோர் எல்லாம் வந்தன. இவள் இரண்டு பழைய இருமல் மருந்து பாட்டில்களில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் 'அப்பா வேலைச் சட்டை' என்றும், இன்னொன்றில் 'அப்பா வீட்டுச் சட்டை' என்றும் ஒட்டியிருந்தாள்.

"என்னடி இது?" என்றேன்.

"அப்பா சட்டைய ஊறவச்ச தண்ணி மிஸ். அம்மா துவைக்கறதுக்கு முன்னாடி எடுத்தேன். சோப்பு போடல. ரெண்டுக்கும் ஒரே சொம்பு தண்ணிதான், ஒரே நேரந்தான் ஊறவச்சேன்."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு மட்டும் கொண்டாந்தா, கொழாத் தண்ணியே அப்படித்தான்னு யாராச்சும் சொல்வாங்கல்ல மிஸ்?"

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாறை விட்டோம். வீட்டுச் சட்டைத் தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. வேலைச் சட்டைத் தண்ணீர் அடர்ந்த ரோஸ் ஆனது. பின் பெஞ்சிலிருந்தெல்லாம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து பேசினாள். அப்பாவின் வேலைச் சட்டையில் ஆசிட் படிகிறது, அதனால்தான் சட்டை சீக்கிரமே பொத்தலாகிறது, அதைத் துவைப்பதால்தான் அம்மாவின் கை வெடிக்கிறது என்றாள். வகுப்பில் ஒரு வாயாடிப் பையன் உண்டு, வீட்டில் கன்னடம் பேசுகிறவன். அவன் விடவில்லை. வேர்வையிலும் கொஞ்சம் அமிலம் உண்டு என்று புத்தகத்தில் இருக்கிறதே, உன் அப்பாவுக்கு வேர்த்திருக்கும், அவ்வளவுதான் என்றான். நல்ல கேள்வி. நான் அவளைப் பார்த்தேன். "தெரியல மிஸ். யோசிச்சு சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை மூன்றாவது பாட்டில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தன் பி.டி. டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, தெருவை இருபது சுற்று ஓடி, சொட்டச் சொட்ட வேர்த்த பிறகு அதைக் கழற்றி அதே சொம்புத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறாள். அம்மா, பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கத்தினாராம். அந்தத் தண்ணீரில் சாறு லேசாகக்கூட மாறவில்லை. அந்த வாயாடிப் பையன் எழுந்து நின்று, "ஒப்கொண்டே மிஸ்" என்றான். ஒத்துக்கொண்டான்! வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். அன்றைக்கு மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்காமல் மெஜஸ்டிக் வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததே தெரியவில்லை.

அடுத்த மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவளுடைய மூன்று பாட்டில்களும் சார்ட்டும் நடு மேஜையில் இருக்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். முந்தின நாள் மாலை சார்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அழகான உருட்டு எழுத்து. நான் குறை கண்டுபிடித்தேன். எனக்கு அதுதானே வேலை.

"வேலைச் சட்டைன்னு மட்டும் போட்டிருக்கே. எந்த வேலை? எங்கே போட்ட சட்டை?"

"பீன்யால மிஸ்."

"பீன்யால ஆயிரம் ஷெட் இருக்கு. எங்கேருந்து வந்துச்சு, என்னிக்கு எடுத்தது, யார் எடுத்தது, மூணும் இல்லாம ஒரு மாதிரிய வச்சா எவனும் மதிக்கமாட்டான்."

அவள் சார்ட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "கம்பெனி பேரு போடணுமா மிஸ்?"

"போடணும்."

"அப்பாகிட்ட கேட்டுட்டுப் போடட்டுமா?"

"நாளைக்குக் காலைல கண்காட்சி. உங்கப்பா வேலை முடிஞ்சு வந்து, நீ கேட்டு, எப்போ எழுதறது? உனக்குத்தான் பேர் தெரியுமே, எழுது."

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. அவள் எழுதினாள். கம்பெனி பெயர், தேதி, அவள் பெயர். நான் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் அதன் கீழே கோடு போட்டேன், தூரத்திலிருந்தும் கண்ணில் படட்டும் என்று. கேட்டுட்டுப் போடட்டுமா என்று அவள் கேட்டதை நினைக்காமல் எனக்கு ஒரு நாள் போவதில்லை. ஆண்டவரே, அந்த ஒரு ராத்திரி நான் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. யார் பெஞ்சு வாங்கித் தந்தார்களோ, தண்ணீர் ஃபில்டர் மாட்டித் தந்தார்களோ, அவர்கள்தான் அந்த வருடக் கண்காட்சிக்கு ரிப்பன் வெட்டுவார்கள். சுற்றியிருப்பது எல்லாம் ஷெட்கள், அதனால் வருகிறவர்களும் ஷெட் முதலாளிகள்தான். எனக்கு இது தெரியாதா? வருடா வருடம் சந்தனமாலையைத் தட்டில் வைத்து நீட்டுகிறவளே நான்தான். தெரிந்தும் என் மண்டையில் இரண்டும் ஒன்று சேரவில்லை. அந்த வருடம் வந்தவருடையது வேறு ஷெட், அவள் அப்பா வேலை பார்த்தது அல்ல. வெள்ளைச் சட்டை, தன்மையான பேச்சு. நடு மேஜையில் நின்று, விளக்கிச் சொல்லும்மா என்று கன்னடத்தில் கேட்டார். அவளும் கன்னடத்தில் கடகடவென்று சொன்னாள். ஏன் மூன்று பாட்டில், ஏன் சோப்பு போடவில்லை, வேர்வை ஏன் காரணம் இல்லை, எல்லாம். "யார் சட்டைம்மா இது?" என்று கேட்டார். "எங்க அப்பாவோடது சார்" என்றாள். வெரி குட் என்று தலையில் தட்டினார். போனை எடுத்து சார்ட்டைப் படம் பிடித்தார். நான் பல்லை இளித்துக்கொண்டு ஓடிப்போய், சார், சார்ட் பக்கத்தில் அவளும் நிற்கட்டும், இன்னொன்று எடுங்கள் என்றேன்.

அந்தப் படம் முதலாளிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. மூன்றாம் நாள் காலை அவள் அப்பாவை ஷெட் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லையாம். சூப்பர்வைசர் மட்டும், "உம்பொண்ணு பெரிய புத்திசாலியாமே. வீட்லயே இருந்து அவளுக்குச் சட்டை ஊறவச்சுக் குடு" என்றானாம். பதிமூன்று வருடம் அங்கே வேலை பார்த்தவர். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. அவள் வகுப்புக்கு வரவில்லை, காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவள் அப்பாவே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மதிய இடைவேளை. கேட்டுக்கு உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார். ஒல்லியான மனிதர். கையெல்லாம் சின்னச் சின்னத் தழும்பு, நகம் மஞ்சளாக இருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாராகத்தான் போனேன். அவர் கும்பிட்டார்.

"பாப்பாவ திட்டாதீங்க மிஸ். அவ நல்லாத்தான் செஞ்சிருக்கா" என்று ஆரம்பித்தார். நடந்ததை எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "வேற ஷெட்ல கேட்டுப் பாத்தேன் மிஸ். எல்லார் போன்லயும் அந்த போட்டோ இருக்குது. எவனும் சேத்துக்கமாட்டேங்கறான். எனக்கு இத விட்டா வேற வேலை தெரியாது."

"நான் வந்து உங்க ஓனர்கிட்ட பேசறேங்க. பேர் எழுதச் சொன்னது நான்தான். பாப்பா உங்களக் கேட்டுட்டு எழுதறேன்னுதான் சொன்னா."

"பேச வேணாம் மிஸ். ஸ்கூல் லெட்டர் ஒண்ணு கேக்கறாரு. புள்ள தப்பா செஞ்சிடுச்சு, கம்பெனிக்கு ஒண்ணும் சம்மந்தமில்லைன்னு எழுதிக் குடுத்தா சேத்துக்கறேங்கறாரு."

ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனேன். அவர் கன்னடக்காரர், என்னைவிட நிதானமானவர், கெட்டவர் அல்ல. அந்த முதலாளி அவருக்கும் போன் செய்திருந்தார், கடிதம் ஏற்கெனவே டைப் அடித்து மேஜையில் இருந்தது. பாட்டில்கள் சரியாகக் கழுவப்படாததால் சோதனை முடிவு தவறாக வந்துவிட்டது, குறிப்பிட்ட கம்பெனிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பள்ளி வருந்துகிறது. கீழே 'அறிவியல் ஆசிரியை' என்று என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"மேடம், பேர் போட்டது என் தப்புன்னு எழுதறேன். சோதனை தப்புன்னு எழுதமாட்டேன். அவ செஞ்சது சரி" என்று கன்னடத்தில் சத்தம் போட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பேர் போட்டதுதான் தப்பு என்றால், சட்டையில் ஆசிட் இருப்பது உண்மை என்று ஆகாதா, அந்த முதலாளி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார், அந்த மனிதருக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். "சைன் மாடி மிஸ்" என்று பேனாவை நீட்டினார். போட்டேன். சீலும் குத்தினேன். கேட்டில் நின்றிருந்தவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் விவாதத்தை விட்டுவிட்டு போர்ஷன் முடிக்கவேண்டும் என்று பாடம் நடத்தினேன். வாயாடிப் பையன் இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். அவன்மேல் எரிந்து விழுந்தேன். சரி, இவ்வளவோடு போயிற்று, வேலை கிடைத்துவிட்டது, மறந்துவிடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோரும் கடிதத்தில் பொய் எழுதத்தானே செய்கிறார்கள்? வயிற்று வலி என்று எழுதிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிறோம். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். சாயங்காலம் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார். வேலைச் சட்டையோடு வந்திருந்தார், பக்கத்தில் நின்றால் மூக்கு எரிந்தது.

"மிஸ், மறுபடியும் தொந்தரவு குடுக்கறேன்னு நெனைக்காதீங்க. பாப்பா என்னை வேலைக்குப் போகவிடமாட்டேங்கறா."

"என்ன சொல்றீங்க?"

"காலைல சட்டைய ஒளிச்சு வச்சிடறா. நேத்து கதவுக்குக் குறுக்க உக்காந்துட்டா. சட்டைலயே அவ்ளோ இருக்குதுன்னா உன் நெஞ்சுக்குள்ள எவ்ளோ இருக்கும்பா, அப்டிங்கறா. ராத்திரி நான் இருமுனா எழுந்து உக்காந்துக்கறா. ஒரு வா சோறு ஒழுங்கா சாப்பிடறதில்ல. ரெண்டு நாள் லேட்டாப் போயிட்டேன். இன்னொரு தரம் லேட்டானா வராதேன்னுட்டாங்க." சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துப் பிரித்தார். அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ். "இதுல எழுதினத அவகிட்டயும் சொல்லிடுங்க மிஸ். நான் சொன்னா நம்பமாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா."

"அது பொய்யுங்க. உங்களுக்கே தெரியும்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, படியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும் மிஸ். பதிமூணு வருசமா அதுலதானே நிக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "அவளுக்குத் தெரியாம இருந்துச்சு. அதான் நல்லா இருந்துச்சு."

கிளவுஸ் கேளுங்கள், மாஸ்க் கேளுங்கள், நானே லேபர் ஆபீசில் எழுதிக் கொடுக்கிறேன் என்று என்னவெல்லாமோ சொன்னேன். இன்ஸ்பெக்சன் அன்றைக்கு மட்டும் எல்லாம் கொடுப்பார்களாம், மறுநாள் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார்களாம். எழுதிக் கொடுத்தால் யார் கொடுத்தது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுமாம். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் குற்றவாளி, அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறார். அந்த நிலைமை எனக்கு.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். புதன்கிழமை மதியம், மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு அவளை லேபுக்குக் கூப்பிட்டேன். லேப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு நீள மேஜையும் பீரோவும்தான். அவள் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"உன் சட்டைச் சோதனை இருக்கில்ல, அது தப்பும்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"பூச்சாறு பழசு. நான் முந்தின நாளே எடுத்து வச்சிருந்தேன், கெட்டுப்போயிருக்கு. அதான் நிறம் மாறிடுச்சு. நான் கவனிக்காம விட்டுட்டேன்."

அவள் கோபப்படவில்லை. நம்பிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தப்பாக இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று அவளுக்கும் ஆசை இருந்தது, முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அந்த ஆசையோடுதான் யோசித்தாள். யோசிக்கத்தானே நான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

"அப்ப வீட்டுச் சட்டைத் தண்ணி ஏன் மிஸ் மாறல? அதுக்கும் அதே சாறுதானே விட்டோம்?"

"பாட்டில்... அந்த ஒரு பாட்டில் சரியா கழுவல. மருந்து ஒட்டிட்டு இருந்திருக்கு."

"எல்லாத்தையும் நான்தான் மிஸ் கழுவினேன். சுடுதண்ணி ஊத்தி." பிறகு அவள் முகம் பளிச்சென்று ஆனது. "மிஸ், மறுபடி செஞ்சு பாத்துடலாமா? அப்பா நேத்து போட்ட சட்டை இன்னும் துவைக்கல. நாளைக்கு எடுத்துட்டு வர்றேன். பூவும் புதுசா பறிச்சுக்கலாம், பாட்டில் நீங்களே கழுவுங்க. மாறலைன்னா நான் அப்பாவ விட்டுடறேன் மிஸ்."

அது எவ்வளவு சரியான பேச்சு! என் இத்தனை வருட வேலையில் ஒரு பிள்ளை என் முன்னால் நின்று பேசிய மிகச் சரியான பேச்சு அதுதான். சந்தேகம் என்றால் மறுபடி செய்து பார். அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கவேண்டும். எனக்கு வந்தது கோபம். அவள்மேல் இல்லை. ஆனால் விழுந்தது அவள்மேல்தான்.

"செய்ய வேண்டாம்னு சொல்றேன்ல! எத்தனை தரம் சொல்றது? மிஸ் நான் சொல்றேன். நான் சொன்னா நம்பமாட்டியா?"

லேப் முழுக்க என் சத்தம் கேட்டது. அவள் ஒரு அடி பின்னால் போனாள். டிபன் பாக்ஸை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்ன புரிந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"நம்பறேன் மிஸ்" என்றாள். போகட்டுமா என்று கேட்டாள். போ என்றேன்.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து மணி அடிக்கிற வரை அழுதேன். அடுத்த பீரியட் ஆறாம் வகுப்பு. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் வெப்பம் பாடம் நடத்தினேன்.

பத்து நாள் கழித்து அவள் அப்பா போன் செய்தார். நான் மெட்ரோவில் இருந்தேன், இரைச்சலில் ஒரு காதை மூடிக்கொண்டு கேட்டேன்.

"ரொம்ப தேங்க்ஸ் மிஸ். இப்பல்லாம் கதவ மறிக்கறதில்ல. சட்டைய அவளே எடுத்துக் குடுக்கறா. ஒழுங்கா டைமுக்குப் போறேன்."

"நல்லதுங்க. வேற ஏதாவது கேக்கறாளா?"

"இல்ல மிஸ்" என்றார் சந்தோஷமாக. "எதுவுமே கேக்கறதில்ல."